மிச்சம் நான்கு வாரம்

தம்பி, உங்கள் போனில் டிவி வருமா?

தப்பாக நினைக்காதீர்கள். என்னுடையது பட்டன் போன். பேசலாம், அவ்வளவுதான். ஏழரை மணிக்கு ஒரு தொடர் இருக்கிறது, 'மறுகரை விளக்கு' என்று. இன்றைக்குக் கடைசி நாள். நான் ஏழு மணிக்கெல்லாம் அம்பாசமுத்திரத்தில் இறங்கியிருக்க வேண்டியவன். எங்கே இறங்குவது? ரயில் கேட் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஆகிறது, ரயிலைக் காணோம். டிரைவர் பஸ் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கியே போய்விட்டார்.

வருமா? நல்லது. ஏழரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரை போனைப் பையில் வையுங்கள், சார்ஜ் போய்விடப் போகிறது.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஐம்பத்தாறு வயசு ஆள் ஒரு தொடருக்காக இப்படித் தவிக்கிறானே என்று. வேறு ஒருவர் என்றால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இதில் என் குடும்ப விஷயம் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. என் மனைவி அம்பாசமுத்திரத்தில் அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள். இன்றோடு பத்தொன்பது நாள். அவளைக் கூட்டிவரத்தான் போகிறேன். வருவாளா மாட்டாளா என்பது இந்தத் தொடர் எப்படி முடிகிறது என்பதில் இருக்கிறது. அப்படித்தான் நான் நினைக்கிறேன். வேறு காரணம் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

நான் திருநெல்வேலியில் குடும்ப நல நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். நீதிபதி சொல்லச் சொல்ல எழுதி, தட்டச்சு செய்து கொடுக்கிற வேலை. தீர்ப்பு நாளைக்கு என்றால் இன்று சாயங்காலமே அது என் விரலில் முடிந்திருக்கும். யார் சேர்ந்து வாழ வேண்டும், யார் பிரிந்து போகலாம், பிள்ளை யாரிடம், எல்லாம் எனக்கு ஒரு நாள் முந்தித் தெரியும். டீக்கடையில் வந்து நிற்பார்கள். ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, "சார், நீங்க வாயத் தொறக்க வேண்டாம். தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்" என்று கும்பிட்டாள். "டீ ஆறுதும்மா, குடி" என்றேன். அவளுக்குச் சாதகமான தீர்ப்புதான். அப்போதும் ஆட்டவில்லை. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு சொல் வெளியே போனதில்லை. என்னோடு வேலை பார்க்கிறவர்கள் என்னைக் கிணறு என்பார்கள்.

அப்பேர்ப்பட்ட நான் ஒரு கதையின் முடிவைச் சொல்லிவிட்டேன் தம்பி. சொந்த மனைவியிடம். நடந்தது அவ்வளவுதான்.

அவள் பெயர் உலகம்மாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வீட்டில் ஒரு வாரப்பத்திரிகை வாங்குவார்கள். 'மறுகரை விளக்கு' ரொம்பப் பழைய நாவல், அவள் அம்மா காலத்தில் வந்தது. அதைப் புதுத் தலைமுறை படிக்கட்டும் என்று அந்தப் பத்திரிகையில் மறுபடியும் தொடராகப் போட்டார்கள், ஐம்பத்திரண்டு வாரம். இவள் வாரா வாரம் அந்தப் பக்கங்களை மட்டும் வெட்டி எடுத்து அடுக்கி வைப்பாளாம். நாற்பத்தெட்டாவது வாரம் எங்கள் கல்யாணம். சேர்த்ததைக் கோணி ஊசியால் தானே தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு, பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். மிச்சம் நான்கு வாரம்.

கதையா? சொல்கிறேன். ஹேமாவதி என்று ஒருத்தி. ஆற்றங்கரையில் வீடு. புருஷன் நல்லபெருமாள், மரக்கடை வைத்திருப்பவர். ஆற்றுக்குப் பாலம் கட்ட ஒரு இன்ஜினியர் வந்து மறுகரையில் கூடாரம் போடுகிறான். ராத்திரி அவன் கூடாரத்து விளக்கு இவள் சமையலறை ஜன்னலில் தெரியும். தப்புத்தண்டா எதுவும் கிடையாது. கதை முழுக்க இரண்டு பேரும் பதினோரு தடவைதான் பேசுகிறார்கள். கடைசியில் பாலம் முடிந்து அவன் ஊரைவிட்டுப் போகிற அன்று, விடிகிற நேரத்தில் இவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு வந்து நிற்கிறாள். எதிரே விளக்கு எரிகிறது. நாற்பத்தெட்டாவது வாரம் அங்கே முடிகிறது.

கல்யாணமாகி வந்த முதல் வாரம், நான் ஆபீஸ் கிளம்பும்போது உலகம்மாள், "வரும்போது அந்தப் புக்கு வாங்கிட்டு வாங்களேன்" என்றாள். புதுப்பெண், குரலே வெளியே வராது. சரி என்றேன். மறந்துவிட்டேன். அடுத்த வாரமும் கேட்டாள். அன்றைக்கும் மறந்துவிட்டேன். மூன்றாவது வாரம் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கியிருப்பேன். அதற்கென்ன, ஒரு பத்திரிகைதானே?

இதையும் கேளுங்கள். அந்த நாவல் நூலகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். முப்பத்தொரு வருஷத்தில் அவள் ஒரு நாள் போய் அந்த நான்கு அத்தியாயத்தைப் படித்திருக்கலாம் அல்லவா? படிக்கவில்லை. எங்கள் மகள் சின்னதாக இருந்தபோது ஒரு தடவை அந்தத் தையல் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "அம்மா, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டது. "அவ இன்னும் துறையிலதான் நிக்கா. நிக்கட்டும்" என்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

ஏழு மாசத்துக்கு முன்னால் அதை டிவியில் போட ஆரம்பித்தார்கள். முதல் நாளே உலகம்மாள் ஏழு மணிக்குள் சமையலை முடித்து, முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். யாரோ விருந்தாளி வருகிற மாதிரி. நான் பேப்பருக்குப் பின்னால் இருந்தேன். எனக்கு இந்தத் தொடர்களே ஆகாது. ஒரு தம்ளர் மோர் அடுக்களையிலிருந்து முன்கட்டுக்கு வர மூன்று நாள் ஆகும். அவள் தருகிறாள், ஒரு இடி. இவர் வாங்குகிறார், ஒரு இடி. மாமியார் பார்க்கிறாள், மூன்று இடி.

ஆனால் தம்பி, இது நன்றாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். நிஜ ஆற்றில் எடுத்திருந்தார்கள். அந்த ஹேமாவதியாக வந்த பெண் அதிகம் பேசாது. பாத்திரம் கழுவிக்கொண்டே ஜன்னலைப் பார்க்கும். தண்ணீர் பாட்டுக்கு ஓடும். குழாயை மூடு, குழாயை மூடு என்று எனக்கு மனசு அடிக்கும். முதலில் பேப்பர் கீழே இறங்கியது. அப்புறம் நாற்காலி இந்தப் பக்கம் திரும்பியது. ஒரு மாசத்தில் நான் டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டு ஆறரைக்கே வீட்டில் இருந்தேன். "என்ன அதிசயமா இருக்கு, கோர்ட்டுக்கு லீவா?" என்பாள். "மழை வார மாதிரி இருந்துது" என்பேன். வெயில் மண்டையைப் பிளக்கும்.

எங்கள் பேச்செல்லாம் விளம்பரத்தில்தான். விளம்பரம் வந்ததும் அவள் சத்தத்தைக் குறைத்துவிடுவாள். பூண்டு உரித்துக்கொண்டே பேசுவாள்.

"அந்த நல்லபெருமாள் என்ன தப்பு பண்ணிட்டார்னு எல்லாரும் அவரையே மொறைக்காங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"யாரு மொறைக்கா?"

"மியூசிக் போடுதவனே மொறைக்கான். அவரு படியேறினாலே டம் டம்னு அடிக்கான். குடி கிடையாது, கை நீட்ட மாட்டாரு, நேரத்துக்கு வீட்டுக்கு வாராரு. வேற என்ன வேணும்?"

"ஹேமா நாலு தடவை மோர் கொண்டு வந்து வச்சா. ஒரு தடவையாவது நிமிந்து பாத்தாரா?"

"மோர் குடிக்கணும்னா தம்ளரைத்தானே பாக்கணும்?"

அவள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பூண்டெல்லாம் கீழே கொட்டிவிட்டது. "உங்களுக்கு அவர் மேல என்ன இம்புட்டுப் பாசம்?" என்றாள்.

"நியாயத்தைச் சொல்லுதேன்."

"ஆமா, கோர்ட்டுக்காரருல்லா!"

அந்த நாள்கள் நன்றாக இருந்தன தம்பி. ஆறு மாசம். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து ஒன்றாகப் பூண்டு பொறுக்கினோம். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? எனக்கே தெரியவில்லை.

இன்னொரு நாள், விளம்பரம் ஓடும்போதே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள். "அவரு இடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க?"

"எவரு? இன்ஜினியரா?"

"இல்ல. நல்லபெருமாள்."

"நான் எதுக்கு அந்த இடத்துல இருக்கப் போறேன்? விளம்பரம் முடிஞ்சிட்டு, சத்தத்தைக் கூட்டு."

கூட்டினாள்.

அதற்கப்புறம்தான் நான் நூலகத்துக்குப் போனேன். ஏன் போனேன்? ஆர்வம்தான். முப்பத்திரண்டு வருஷமாக முடிவை முதலில் தெரிந்துகொண்டே பழகியவன் இல்லையா, என்னால் பொறுக்க முடியவில்லை. அலமாரிக்கு முன்னால் நின்றபடியே கடைசி நான்கு அத்தியாயத்தையும் படித்தேன்.

அவள் போகவில்லை தம்பி. படகு வருகிறது, ஏறவில்லை. விளக்கு அணைகிறது. திரும்பி வீட்டுக்கு வந்து, பையைப் பரணில் போட்டுவிட்டு, அடுப்பை மூட்டி உலை வைக்கிறாள். நல்லபெருமாள் எழுந்து வந்து, "வெந்நீர் ஆச்சா?" என்று கேட்கிறார். அவள் வெளியே போனதே அவருக்குத் தெரியாது. கடைசி வரி அதுதான். தெரியாது.

எனக்கு ஆறுதலாக இருந்தது. நல்ல முடிவு என்று நினைத்தேன். குடும்பம் காப்பாற்றப்பட்டதல்லவா?

ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. அவள் தெரியாமல் பார்க்கிறாள், நான் தெரிந்து பார்க்கிறேன். அதில் ஒரு சுகம் இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பத்தாவது நாள், டிவியில் ஹேமாவதி பையை எடுத்துத் துணி வைக்கிறாள். விளம்பரம் வந்தது. உலகம்மாள் பூண்டைத் தொடவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, "போயிருவா. பாருங்க, இந்தத் தடவை போயிருவா" என்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கல்யாண போட்டோவில்கூட இல்லை.

நான் சொன்னேன், "போகமாட்டா. படிச்சிட்டேன். திரும்பி வந்து உலை வைப்பா. அவ எங்க போவா? இத்தனை வருஷம் கழிச்சு எங்க போக முடியும்?"

ஏன் சொன்னேன்? அதைத்தான் பத்தொன்பது நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளையோடு வந்த அந்தப் பெண்ணுக்குச் சொல்லவில்லை. வக்கீல்களுக்குச் சொல்லவில்லை. இவளுக்கு ஏன் சொன்னேன்? அந்த முகத்தைப் பார்த்ததாலா? இருக்காது. சும்மா வாய்தவறி வந்ததுதான்.

அவள் சத்தத்தைக் கூட்டினாள். மறுநாள் ஏழரைக்குத் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். "வரலியா, ஆரம்பிச்சிட்டான்" என்றேன். "நீங்க பாருங்க" என்றாள். அதற்கு மறுநாள் காலையில் நான் ஷேவ் பண்ணிக்கொண்டிருக்கிறேன், கண்ணாடியில் அவள் பையோடு நிற்பது தெரிந்தது. "அம்பைக்கு, தம்பி வீட்டுக்குப் போயிட்டு வாரேன். கொஞ்ச நாள் இருந்துட்டு" என்றாள். கன்னத்தில் பிளேடு இருக்கிறது, திரும்ப முடியவில்லை. "சரி, குழம்பு இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு, சூடு பண்ணிக்கிடுங்க" என்றாள். அப்புறமும் கொஞ்ச நேரம் நின்றாள் என்று நினைக்கிறேன். முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்பினேன், இல்லை.

கோபித்துக்கொண்டு போகவில்லை பாருங்கள். சண்டை இல்லை, அழுகை இல்லை. சொல்லிவிட்டுத்தான் போனாள். என் மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணி, "அப்பா, அம்மாட்ட என்ன சொன்னீங்க?" என்கிறாள். "ஒண்ணும் சொல்லலம்மா, கதை முடிவைச் சொன்னேன்" என்றேன், போனை வைத்துவிட்டாள். மச்சினன் பெயர் பாபநாசம், நல்ல பையன். அவனிடம் கேட்டால், "அக்கா நல்லா இருக்கா அத்தான். காலைல ஆத்துக்குக் குளிக்கப் போறா. நல்லா தூங்குதா" என்கிறான். எப்போது வருவாள் என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை. அவன் பெண்டாட்டி முத்தரசி போனை எடுத்தால், "அண்ணாச்சி, மதினி இப்பத்தான் வெளிய போனாங்க" என்பாள். எப்போது கூப்பிட்டாலும் இப்போதுதான் போயிருப்பாள். முத்தரசி இன்னொன்றும் சொன்னாள். ஏழரை மணிக்கு இவர்கள் அந்தத் தொடரைப் போட்டால், உலகம்மாள் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறாளாம்.

நான் அங்கே தனியாக உட்கார்ந்து பார்க்கிறேன். விளம்பரம் வந்தால் நானே சத்தத்தைக் குறைக்கிறேன். குறைத்துவிட்டு என்ன செய்வது? சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போதுதான் விஷயம். நேற்று முடிந்ததும் இன்றைய கதையிலிருந்து கொஞ்சம் காட்டினார்கள். ஹேமாவதி படகில் ஒரு காலை வைக்கிறாள்! என் கண்ணால் பார்த்தேன். புத்தகத்தில் அது கிடையாது. டிவிக்காரர்கள் முடிவை மாற்றிவிட்டார்கள். உடனே எனக்குத் தோன்றியது, ஆகா, நான் சொன்னது தப்பாகிவிட்டது, இதைப் போய் உலகம்மாளிடம் சொல்லிவிட வேண்டும். "நீ சொன்னதுதான் சரி, அவ போயிட்டா. வா, வீட்டுக்குப் போவோம்" என்று சொன்னால் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவாள் இல்லையா? அதற்காகத்தான் மத்தியானமே லீவு சொல்லிவிட்டு ஆபீஸிலிருந்து கிளம்பினேன்.

வெறுங்கையோடும் போகவில்லை. இந்தப் பையில் பாருங்கள். அவள் தைத்து வைத்த புத்தகம். காலண்டர் அட்டை அப்படியே இருக்கிறது. மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து, நூலகத்திலிருந்து அந்த நான்கு அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுத்து, அதே அளவுக்கு வெட்டி, கடைசியில் சேர்த்துத் தைத்துவிட்டேன். வெள்ளை நூல், கோர்ட்டில் காகிதக் கட்டுத் தைக்கிற நூல். இழுத்தால் வராது. இப்போது ஐம்பத்திரண்டு வாரமும் முழுசாக இருக்கிறது. அன்றைக்கு வாங்கிக் கொடுக்கவில்லை, இன்றைக்கு வாங்கிக் கொடுத்ததாக ஆகட்டும். நன்றாகத் தைத்திருக்கிறேனா?

ரயில் வந்துவிட்டது. பரவாயில்லை, டிரைவரும் ஏறிவிட்டார்.

என்ன கேட்டீர்கள்? சத்தத்தில் காதில் விழவில்லை.

கேட்டேனா என்றா? யாரிடம்? உலகம்மாளிடமா?

இந்த நான்கு வாரம் அவளுக்கு வேண்டுமா என்று நான் அவளிடம் கேட்டேனா என்கிறீர்கள்.

இல்லை. கேட்கவில்லை.

கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை தம்பி. புத்தகம் என்றால் முழுசாக இருக்க வேண்டும், அதைப் போய் யாராவது கேட்பார்களா? நூலகம் நடக்கிற தூரம். வேண்டுமென்றால் அவளே போய்... போகவில்லை. முப்பத்தொரு வருஷம் போகவில்லை. துறையில் நிற்கட்டும் என்றாள். அதை நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

இருங்கள். கொஞ்சம் இருங்கள்.

உங்கள் சாவிக்கொத்தில் நகவெட்டி தொங்குகிறதே, அதைக் கொடுங்கள். பஸ் ஆடுகிறது, இந்த அட்டையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வெள்ளை நூல்தான். கீழே இருக்கிற பச்சை நூல் அவளுடையது, அதில் பட்டுவிடக் கூடாது. ரொம்ப இறுக்கித் தைத்துவிட்டேன். வேலை சுத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். இன்னும் இரண்டு முடிச்சு.

மணி என்ன? ஏழு முப்பத்து மூன்றா? ஆரம்பித்திருப்பான். எடுங்கள், எடுத்துப் பாருங்கள், எனக்காக நிறுத்த வேண்டாம். அந்தப் பாட்டுதான். இது இன்ஜினியர் கூடாரத்தைப் பிரிக்கும்போது வருகிற பாட்டு.

போனைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். ஆமாம், நான்தான் காட்டச் சொன்னேன். இப்போது வேண்டாம். அந்த ஒயரைக் காதில் மாட்டிக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்கக் கூடாது.

வந்துவிட்டது. நான்கு வாரமும் தனியாக வந்துவிட்டது. இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். படியுங்கள், கிழித்துப் போடுங்கள், உங்கள் இஷ்டம். அவள் கொண்டுவந்தது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது பாருங்கள். தையல் ஓட்டை மட்டும் இரண்டு வரிசையாகத் தெரிகிறது. கேட்டால் என்ன சொல்வது? கேட்கமாட்டாள். அவள் எதையும் மூன்றாவது தடவை கேட்கிறவள் இல்லை.

ஆற்றுப் பாலம் வந்துவிட்டது. இதைத் தாண்டினால் அம்பை. முதல் ஸ்டாப்பில் இறங்க வேண்டும், வீடு பக்கத்துத் தெரு. இப்போது அவள் வாசலில்தான் இருப்பாள். உள்ளே தொடர் ஓடும்.

தம்பி. ஒயரைக் கழற்ற வேண்டாம். என்ன ஆனது? படகில் ஏறினாளா? வாயைத் திறக்காதீர்கள், தலையை மட்டும் ஆட்டுங்கள், போதும்.

வேண்டாம். ஆட்டாதீர்கள். தெரியாமலே போகிறேன்.

கண்டக்டர், ஆள் இறக்கம்! பையை அந்தப் பக்கமாகக் கொடுங்கள். உங்கள் நகவெட்டி, இந்தாருங்கள். போய் என்ன பேசப் போகிறேன் என்று கேட்காதீர்கள். ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸில் ஏறும்போது எல்லாம் தயாராக இருந்தது, இப்போது ஒரு வார்த்தை இல்லை. அவளைப் பார்த்ததும் குழம்பு இருக்கா என்று கேட்டுவிடாமல் இருந்தால் சரி.